முப்பது கேள்விகளும் உருண்டோடிய வட்டங்களும்

மானுட குலத்தின் நலன் கருதி இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், புற்றுநோயாளிகளின் வாழ்க்கைத் தரத்தை அளக்கும் முப்பது கேள்விகள், நான்கு பயிலரங்குகளும் நாற்பது கோழிகளும் செலவான பின், ஆங்கிலத்திலிருந்து ஊர் மொழியான ஷோனாவுக்கு வந்து சேர்ந்தன. வந்து சேர்ந்த திங்கட்கிழமையே, ருகோவா மலையடி ஆஸ்பத்திரியில் நோயாளிகள் விடையைச் சுற்றிப் போட்ட பேனா வட்டங்கள் தாளிலிருந்து கழன்று, சிமெண்டுத் தரையில் கிணுங்கென்று விழுந்து, கட்டில்களுக்கு அடியில் உருண்டோடின. பெருக்குகிறவள் மதியத்துக்குள் அரை வாளி அள்ளினாள். வாசலில் கீரை விற்கிறவள் அதை வாங்கித் தன் கட்டுகளுக்கு மாட்டினாள். ரப்பர் வளையத்தைவிட நன்றாகப் பிடிக்கிறது என்றாள்.

மொழிபெயர்ப்பு உயர்மட்டக் குழுவின் தலைவர் டாக்டர் எரஸ்மஸ் முசெகிவா கலங்கவில்லை. டை கட்டாமல் பல்கூட விளக்காத மனிதர் அவர். ஒருவர் ஷோனாவுக்குக் கொண்டுவர, மூலத்தைக் கண்ணால் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்க, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று குழு பார்ப்பதுதான் முறை. விடையில்லாத வெற்றுத் தாள்களையும் அவர் அதே முறைப்படி அனுப்பிவைத்தார். அவை விடையில்லாமலே திரும்பி வந்தன. நூறு சதவீதம் பொருந்துவதாகச் சான்றளித்தார்.

மாட்டிக்கொண்டது ஆறாம் வார்டு நர்ஸ் ருவிம்போதான். இந்த விடைகளின்படி வலி இல்லை என்று தெரியும் வார்டுகளுக்கு மார்ஃபின் சிரப் மாதக் கடைசியோடு நிறுத்தப்படும் என்றொரு கடிதம் அவள் மேசைமேல் இருந்தது. இப்போதே ஆளுக்கு அரை மூடிதான். வட்டங்கள் விழுவதற்கு முன் பார்த்திருந்தாள்; அத்தனை பேரும் சுற்றியிருந்தது ஒன்றை. ஒன்று என்றால் 'இல்லவே இல்லை', நான்கு என்றால் 'மிக அதிகம்'. மார்பில் தொடங்கி முதுகெலும்புக்கு இறங்கிய நோயோடு, போர்வை ஓரத்தைக் கடித்துக் கடித்து நூலாக்கி வைத்திருந்த நாலாம் கட்டில் மாய் ஃபராய், அதாவது ஃபராயின் தாய், அவள் சுற்றியிருந்ததும் ஒன்றைத்தான். ஊர் வழக்கம் அப்படி. காலையில் ஒருவர் தூங்கினீர்களா என்று கேட்டால், நீங்கள் தூங்கியிருந்தால் நானும் தூங்கினேன் என்பதே பதில். கேட்டவர் சௌக்கியமாக நிற்கும்போது தனக்கு மட்டும் சௌக்கியமில்லை என்று சொல்ல நாக்கு வராது. நர்ஸ்களோ பயிலரங்கில் சொல்லிக்கொடுத்தபடி சிரித்த முகத்தோடு நின்றார்கள்.

வியாழக்கிழமை காலை ருவிம்போ மூன்றாம் முறையாகத் தாளை எடுத்துக்கொண்டு போனாள்.

"தூங்கினீங்களா, மாய் ஃபராய்?"

"நீங்க தூங்கியிருந்தா நானும் தூங்கினேன், சிஸ்டர்."

ருவிம்போவுக்குச் சிரிக்கத் தெம்பில்லை. "நான் தூங்கல. மூணு நாளா இந்தப் பேப்பர் என் தூக்கத்தத் தின்னுது."

மாய் ஃபராய் போர்வையை வாயிலிருந்து எடுத்தாள். "அப்ப நானும் தூங்கல. பதினோரு வாரமாச்சு. இத முன்னாடியே சொல்லக் கூடாதா? நீங்க நல்லா இருக்கீங்கன்னு நம்பி நான் எவ்வளவு கஷ்டப்பட்டேன் தெரியுமா?"

நான்கைச் சுற்றினாள். வட்டம் நின்றது. தாளைத் தட்டினார்கள், தலைகீழாகப் பிடித்து உலுக்கினார்கள். அசையவில்லை.

அதன்பின் ஆறாம் வார்டைக் கட்டுப்படுத்த முடியவில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் முதலில் நர்ஸ் பதில் சொல்ல வேண்டும் என்றாயிற்று. எந்த நர்ஸுக்கு முழங்கால் வலி, யாருடைய புருஷன் ஜொகன்னஸ்பர்க் போய் எட்டு மாதமாகப் போன் செய்யவில்லை என்பதெல்லாம் மதியத்துக்குள் வார்டுக்கே தெரிந்துவிட்டது. எழுந்து நடக்கவே முடியாதவர்கள் பக்கத்துக் கட்டிலுக்கு நடந்துபோய், தங்களுக்கு எல்லாமே நான்கு என்று பரிசு விழுந்தவர்களைப் போலக் காட்டினார்கள்.

சேதி கேட்டு டாக்டர் முசெகிவா வந்தார். கேட்கிறவர் பதில் சொல்வதை முறை அனுமதிக்காது என்றார். சரியாகக் கேட்பது எப்படி என்று காட்டுவதற்காக நாலாம் கட்டிலருகே நின்று மலச்சிக்கல் பற்றிய கேள்வியை வாசித்தார்.

"உங்களுக்கு எப்படி, டாக்டர்?" என்றாள் மாய் ஃபராய்.

"எனக்கு ஒரு குறையும் கிடையாது."

"அப்ப எனக்கும் கிடையாது." ஒன்றைச் சுற்றினாள். வட்டம் விழுந்து, அவருடைய பளபளத்த ஷூவைச் சுற்றி ஒரு வலம் வந்து, வாசலைப் பார்த்துப் போனது. மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் போனது. நான்காம் முறை டையைத் தளர்த்திக்கொண்டு கூரையைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார்.

"காதுல விழல, டாக்டர்" என்றது ஏழாம் கட்டில்.

"ஒன்பது நாளாச்சு."

பெண்கள் குலவையிட்டார்கள். "அடப் பாவமே, பப்பாளி சாப்பிடுங்க" என்றாள் மாய் ஃபராய். "எனக்கு நாலு நாள்தான்." மூன்றைச் சுற்றினாள். வட்டம் கல்லில் வெட்டியதுபோல் நின்றது.

ஐந்தாவது பயிலரங்கு கூடி, 'கேட்பவரின் விடை' என்று தாளில் இன்னொரு பத்தியைச் சேர்த்தது. ஆங்கிலமாக்குகிறவர் அதை அச்சுப்பிழை என்று நினைத்து மூன்று கடிதம் எழுதினார். மாதக் கடைசியில் சிரப் நின்றுவிடவில்லை. ஆளுக்கு முழு மூடியாக வந்தது. மறுநாள் காலை ருவிம்போ வார்டுக்குள் கால் வைப்பதற்குள், கேள்விக்குக்கூடக் காத்திராமல், நாலாம் கட்டிலிலிருந்து குரல் வந்தது: "நான் தூங்கினேன், சிஸ்டர். நீங்க தூங்கினாலும் சரி, தூங்காட்டியும் சரி."

ஒன்றைச் சுற்றினாள். அது விழவில்லை.

வட்டங்கள் வரத்து நின்றுபோனதால் கீரைக்காரி மறுபடி ரப்பர் வளையம் வாங்குகிறாள். அந்தச் செலவில் கட்டுக்கு இரண்டு இலை குறைந்துவிட்டது.