கடைசி வண்டியின் பதில்

தாப்பா பட்டணத்துக் கடைவரிசையின் முன்னால் நின்று, பத்துமலை தன் வயலின் பெட்டியைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, பழைய கைலி ஒன்றால் முதுகோடு இறுக்கிக் கட்டிக்கொண்டான். மலைமேல் தேயிலைத் தோட்டத்து அம்மன் கோவிலில் அன்று மாலை கச்சேரி. நாலு பேர், நாலு ஹோண்டா மோட்டார் சைக்கிள். வேன் பிடிக்கும் வசதி அந்த இசைக்குழுவுக்கு எந்த வருடமும் இருந்ததில்லை. அக்கார்டியனைப் பின்சீட்டில் புதுப்பெண்ணைப் போல உட்காரவைத்துக்கொண்டு சதாசிவம் முதலில் போவார். அடுத்து பாடகன் அமீர், பிறகு பொங்கோஸ் மேளம் வாசிக்கும் சன்னாசி, கடைசியில் பத்துமலை. வளைவு வந்ததும் சதாசிவம் ஒரு ஹோன் அடிப்பார். அது வண்டிக்கு வண்டி கைமாறிப் பின்னால் வரும். கடைசி வண்டி இரண்டு ஹோன் அடித்துப் பதில் சொல்ல வேண்டும். எல்லாரும் இருக்கிறோம் என்று அர்த்தம். பிறந்த தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற பிறகு, லயத்து வீட்டை விட்டு ஈப்போவுக்குப் பிழைக்க வந்தவர்களுக்கு மிஞ்சிய ஒரே சட்டம் அதுதான்.

இந்த வருடம் அந்த ஹோன் பத்துமலைக்குக் கேட்கவில்லை. சுண்ணாம்புக் குன்றடியில் கல் அரைக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று வருடக்கணக்காக உழைத்ததற்கு, சம்பளத்தோடு சேர்ந்து வந்தது அது. முதலில் தகரக்கூரையில் மழை விழும் ஓசை போயிற்று. பிறகு, பக்கத்து அறையில் பிள்ளை அழுவது. கிட்டத்தில் நின்று பேசினால் முகத்தைப் பார்த்துப் பாதி புரிந்துகொள்வான். சாலையில் சன்னாசியின் இடதுகைக் கட்டைவிரல் ஹோன் பொத்தானில் பதிவதைப் பார்த்துத் தன் பொத்தானை அழுத்தினான். மேடையில் அமீரின் உதட்டைப் பார்த்தான். வயலினைத் தாடையில் அழுத்தி, நாதத்தை எலும்பால் குடித்தான். யாரிடமும் சொல்லவில்லை. வாரம் முழுக்கக் கல்மாவில் நரைத்துக் கிடப்பவன் சனிக்கிழமை ஒருநாள் மனிதனாவது அந்த வயலினால்தான். செவிடன் என்று ஒரு வாய் சொல்லிவிட்டால் அதுவும் இல்லை.

பாதி மலை ஏறியதும் அருவியோரம் நிறுத்தினார்கள்.

"டேய், என் காது ரெண்டும் அடைச்சிருச்சு லா!" சன்னாசி கத்தினான்.

"கத்தாத மச்சான், எனக்கும்தான். கெணத்துக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கு," என்று அமீரும் கத்தினான்.

"என்னா?" என்று கேட்டான் பத்துமலை. யாரும் அவனை ஒரு மாதிரியாகப் பார்க்கவில்லை. சதாசிவம்கூடக் காதுக்குள் விரல் விட்டுக் குடைந்துகொண்டு "என்னா, என்னா" என்றார். நால்வரும் பைத்தியக்காரர்கள் போலக் கத்திக் கத்திச் சிரித்தார்கள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு பத்துமலை பயமில்லாமல் சிரித்தான். மூங்கில் புதர்களுக்கு மேலே மேகம் ஒரு வெள்ளைத் துணியாகத் தொங்கிற்று. இந்த மலை இறங்கவே வேண்டாம், ஏறிக்கொண்டே போகலாம் என்று நினைத்தான்.

மாலைக் கச்சேரியில் குளிர் அமீரின் தொண்டையைப் பிடித்தது. மூன்றாவது பாட்டுக்கு முன்னால் சதாசிவம் பின்னாலிருந்து, "சுருதிய அரைக்கட்டை எறக்கு," என்றார். பத்துமலை பழைய சுருதியிலேயே வில்லை இழுத்தான். சால்வை போர்த்திய பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அமீர் திரும்பிப் பார்த்த பிறகுதான் பத்துமலை தந்தியிலிருந்து வில்லை எடுத்தான். அந்தப் பாட்டு முடியும் வரை வயலின் மடியில் கிடந்தது.

"விடு லா, இந்தக் குளிர்ல எவன் காது வேல செய்யுது?" என்றான் சன்னாசி, சாப்பிடும்போது.

சதாசிவம் பத்துமலையின் முகத்துக்கு நேரே குனிந்தார். "கீழ எறங்குனா காது சரியாயிரும்," என்றார். அது ஆறுதலா கெடுவா என்று அவனுக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் பனிமூட்டம் சாலையை விழுங்கியிருந்தது. சன்னாசியின் சிவப்பு விளக்கு மட்டும் எதிரே மிதந்தது, கட்டைவிரல் தெரியவில்லை. ஒரு வளைவில் அந்த விளக்கும் மறைந்தது. தோராயமாக ஹோன் அடிக்கலாமா? நேரம் தப்பி அடித்தால் அதுவே காட்டிக்கொடுத்துவிடுமே என்று பத்துமலை விரலை எடுத்துவிட்டான்.

அடுத்த வளைவில் மூவரும் வண்டியை நிறுத்திவிட்டு நின்றிருந்தார்கள். சன்னாசி ஓடிவந்து அவன் சட்டையைப் பிடித்தான்.

"எத்தன தடவ அடிச்சோம்! பள்ளத்துல போயிட்டேன்னு நெனச்சேன்டா, நாயே!"

"ஹோன் கெட்டுப்போச்சுடா," என்றான் பத்துமலை.

சதாசிவம் கையை நீட்டி அவன் ஹோனை அழுத்தினார். அமீரின் தோள் ஒருமுறை குலுங்கிற்று. சன்னாசி அனிச்சையாக ஒரு கண்ணை மூடினான். அந்த முகங்களைப் பார்த்துத்தான், ஹோன் நன்றாக வேலை செய்கிறது என்று பத்துமலைக்குத் தெரிந்தது.

சன்னாசி அவன் சட்டையை விட்டான். கசங்கிய இடத்தை நீவிவிட்டான்.

"ஆமா மச்சான்," என்றான், ஒவ்வொரு சொல்லாக, வாயை நன்றாகத் திறந்து. "கெட்டுத்தான் போச்சு. நான் கடைசியா வாரேன்."

பத்துமலை இரண்டாவதாகப் போனான். வளைவு வரும்போதெல்லாம் சதாசிவத்தின் இடதுகை பனிக்குள் உயர்ந்தது. பனி விலகி, வெயில் வந்து, பாதை பளிச்சென்று தெரிந்த பிறகும் உயர்ந்தது. ஒவ்வொரு முறையும் பத்துமலை தலையைக் குனிந்துகொண்டான்.

தாப்பாவில் பசியாற நிறுத்தினார்கள். சன்னாசி கொட்டாவி விட்டான், சட்டென்று கண்ணை அகல விரித்தான். "காது தொறந்துக்கிச்சு லா!" அமீர் எச்சில் விழுங்கிவிட்டுத் தலையாட்டினான். பிறகு இருவரும், ஏதோ தப்புச் செய்தவர்கள் போல, பேச்சைக் குறைத்துக்கொண்டு கடைக்குள் போனார்கள். சதாசிவம் மட்டும் வாசலிலேயே நின்றார், பத்துமலையைப் பார்த்தபடி.

பத்துமலை வாயைப் பெரிதாகத் திறந்து கொட்டாவி விட்டான். எச்சில் விழுங்கினான். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதினான். முதுகில் வயலின் பெட்டி வெயிலில் சூடேறிக்கொண்டிருந்தது. அவன் வண்டிப் பக்கம் திரும்பி, கட்டைவிரலால் ஹோனை இரண்டு முறை அழுத்தினான்.

சாலைக்கு அந்தப்பக்கம் நிழலில் தூங்கிக்கொண்டிருந்த நாய் ஒன்று தலையைத் தூக்கி அவனைப் பார்த்தது.