கலூர் மட்டும் சிவப்பு

"மஞ்சள்னா மஞ்சள், பழுத்த வெள்ளரிக்கா மாதிரி மஞ்சள். ஏட்டி, எனக்குன்னு வேற நிறமே கிடைக்கலையா உனக்கு?"

"நானா பூசுறேன்? குடை வித்த கணக்கை உள்ளே போட்டா அதுவே பூசிக்குது."

"அந்தப் பிரதீஷுக்கு மட்டும் வெத்தலை போட்ட வாய் மாதிரி பூசுதே!"

"பிரதீஷ் சேட்டன் விக்கிறாரு. அதனால சிவக்குது."

"சேட்டனாம்!" என்று சங்கிலிப்பாண்டி தட்டைத் தள்ளினான். "மலையாளத்துக்காரி கட்டின புருஷனையும் சேட்டான்னுதான் கூப்பிடுவா. தெரியும்ல?"

"கூடப் பிறந்த அண்ணனையும் அப்படித்தான் கூப்பிடுவா. பஸ் கண்டக்டரும் சேட்டன், மீன்காரரும் சேட்டன். கொச்சியிலேயே பிறந்து வளர்ந்துட்டு இது என்ன பேச்சு? சாப்பிடுங்க."

சங்கிலிப்பாண்டி சாப்பிட்டான்.

புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் ஒரே இடத்தில் வேலை. மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், சுக்கு மூட்டைகள் அடுக்கிய கிடங்குக்கு மேல் மாடியில் இருந்தது அந்தக் குடைக் கம்பெனியின் அலுவலகம். அவன் வைப்பின் தீவுக்குக் குடை கொண்டுபோகும் விற்பனை ஆள். பிரதீஷுக்குக் கலூர். வசந்தி கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறவள், இன்னும் நிரந்தரமாகாதவள். இரண்டாயிரத்து ஒன்பதில், மழைக்கு முன்னால், கம்பெனி ஒரு புது சாஃப்ட்வேர் வாங்கியது. எந்தப் பகுதியில் எத்தனை குடை விற்றது என்று கொடுத்தால் கொச்சியின் வரைபடத்தையே அது நிறம் பூசிக் காட்டும். அதிகம் விற்ற இடம் கடும் சிவப்பு, அதற்குக் கீழே ஆரஞ்சு, கடைசியில் மஞ்சள். ஹீட் மேப் என்று பெயர். அலுவலகத்தில் அதைக் கற்றுக்கொண்டது வசந்தி ஒருத்திதான். "சனிக்கிழமை எல்லார் முன்னாடியும் சுவத்துல காட்டு, சரியா வந்தா உன் வேலை நிரந்தரம்" என்று மேனேஜர் வெங்கிடராமன் சொல்லியிருந்தார்.

அதற்கு முன் விற்பனைக் கணக்கு மேனேஜரின் மேஜைக்குள் கிடந்தது. யாருக்கும் யார் குறைவென்று தெரியாது. இப்போது வாசலில் நுழைகிறவன் கண்ணிலும் திரை பட்டது.

"வைப்பின்காரனுக்குத் தலையிலேயே தொப்பிக்குடை இருக்கு. மீன் பிடிக்கப் போறவன் கையில குடை பிடிச்சா வலையை யார் பிடிக்கிறது?" என்று அவன் ஊரெல்லாம் நியாயம் சொல்லிப் பார்த்தான். யாரும் மறுக்கவில்லை. நிறமும் மாறவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் மற்றவர்கள் சாப்பிடப் போனபோது அவன் மேஜையருகில் வந்து நின்றான்.

"கொஞ்சம் சிவப்பு கூட்டேன். ஆரஞ்சாவது ஆக்கு."

"முடியாது. இங்க பாருங்க, இதோட கூத்தை." அவள் கலூர் மேல் சுட்டியை வைத்து வலதுபக்கம் அழுத்தினாள். ஒன்றன்கீழ் ஒன்றாய் இரண்டு வரி வந்தது. கீழ் வரியைத் தொட்டாள். திரையில் மணற்கடிகாரம் கொஞ்ச நேரம் சுழன்றது. கலூர் மறைந்து, வைப்பின் மெல்ல ஆரஞ்சானது. இரண்டாவது இடத்திலிருந்த வைட்டிலா சிவந்தது.

"அய்யோ! நானா இது?"

"நீங்கதான். உங்க எண்ணிக்கை அதேதான். பெரியவன் ஒருத்தன் நடுவுல இருந்தா மத்தவன் வெளுத்துத் தெரிவான். அவனை எடுத்துட்டா நீங்களும் ஆள்தான்."

"அப்படியே விட்டுரு."

"விட்டா என் வேலை போயிரும்." அவள் கலூரைத் திரும்ப வரவழைத்தாள். வைப்பின் பழையபடி வெள்ளரிக்காய் ஆயிற்று.

அந்த நேரம் பிரதீஷ் வந்தான். கையில் இரண்டு சாயா. "வசந்திச்சேச்சி, ஊண் கழிச்சில்லல்லோ, இன்னும் சாப்பிடலையே. இந்தா, சாயா. பாண்டிச்சேட்டா, உங்களுக்கும் ஒண்ணு."

அவளுக்கு முதலில் கொடுத்தான். சங்கிலிப்பாண்டி அதைக் கவனித்தான். தனக்குக் கிடைத்த சாயாவில் சர்க்கரை குறைவு என்றும் தோன்றியது.

வசந்தி சாயாவோடு கைகழுவும் பக்கம் போனாள். பிரதீஷ் மாடிப்படி இறங்கினான். திரையில் கலூர் மட்டும் தீயாக எரிந்தது. சங்கிலிப்பாண்டி சுற்றிலும் பார்த்தான். சுட்டியைப் பிடித்துக் கலூர் மேல் வைத்தான். வலதுபக்கம் அழுத்தினான். இரண்டு வரி. மலையாளமாக இருந்தால் படித்திருப்பான், இங்கிலீஷை எழுத்துக் கூட்டவேண்டும். மேலேயா, கீழேயா? படியில் செருப்புச் சத்தம். மேல் வரியை அழுத்திவிட்டு, மணற்கடிகாரம் சுழலும்போதே ஜன்னலோரம் போய் மழை பார்க்கிறவன்போல நின்றான். மழை பெய்யவில்லை.

"எல்லாரும் உட்காருங்கோ. வசந்தி, போடும்மா" என்றார் வெங்கிடராமன். விளக்கை அணைத்தார்கள். அவள் வந்த வேகத்தில் திரையைக்கூடப் பார்க்காமல் ப்ரொஜெக்டரை முடுக்கினாள்.

சுவர் முழுக்கக் கொச்சி. வைப்பின் இல்லை, வைட்டிலா இல்லை, மட்டாஞ்சேரி இல்லை. வெறும் கோடுகள். நடுவில் கலூர் மட்டும், கடும் சிவப்பாக.

முதலில் யாரோ இருமினார்கள். பிறகு பின்வரிசையில் ஒரு சிரிப்பு.

"என்னதிது?" என்றார் வெங்கிடராமன். "ஏன் வசந்தி, இந்தக் கம்பெனியில உனக்குப் பிரதீஷ் ஒருத்தன்தான் கண்ணுக்குத் தெரியறானோ?"

சிரிப்பு பெரிதாயிற்று. "கலூர் பிரதீஷிண்டே ஒரு பாக்கியமே!" என்றது ஒரு குரல்.

வசந்தி திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. ஜன்னலோரம் மழை பார்த்துக்கொண்டிருந்த முதுகைத்தான் அவள் வரும்போதே பார்த்திருந்தாளே. வாயைத் திறந்தாள். புருஷன் பேரைச் சொல்லாமல் மூடிக்கொண்டாள்.

"பொறுப்பில்லாத பொண்ணுகிட்ட இதைக் கொடுத்தது என் தப்பு" என்று வெங்கிடராமன் எழுந்தார்.

"சாரே." பிரதீஷ் எழுந்து நின்றான். "சேச்சி அல்ல. நானாணு பறஞ்ஞது. என் ஏரியாவை மட்டும் ஒண்ணு காட்டணும்னு நான்தான் கேட்டேன். குற்றம் என்னுடேதா."

எத்தனை நல்ல மனசு என்று எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். வசந்தியும் பார்த்தாள்.

அந்தப் பார்வைதான். சங்கிலிப்பாண்டி ஜன்னலோரத்தை விட்டு முன்னால் வந்தான். சிவப்பும் அவனுக்கு, சாயாவும் அவன் கையால், இப்போது என் பெண்டாட்டிக்காகத் திட்டு வாங்குகிறவனும் அவனா?

"இல்ல சார்!" கத்தியே விட்டான். "அவன் இல்ல. அவன் எதுக்கு வாரான்? நான்தான் செஞ்சேன்!"

"நீயா?"

"நான்தான் சார். கலூரை எடுக்கத்தான் அமுக்கினேன். கீழ் வரிக்குப் பதிலா மேல் வரியை அமுக்கிட்டேன், மத்த எல்லாம் போயிருச்சு. தப்பு என்னோடது. அவனுக்கு இதுல பங்கே கிடையாது."

வெங்கிடராமன் நெற்றியைத் தடவினார். "தப்புக்கும்கூட அடிபிடியாடா? வசந்தி, முழுசையும் கொண்டுவா."

அவள் ஒரு தட்டுத் தட்டினாள். மணற்கடிகாரம் சுழன்றது. வைட்டிலா வந்தது, மட்டாஞ்சேரி வந்தது. வைப்பின் வெள்ளரிக்காயாக வந்து உட்கார்ந்தது. அதன்பின் அவள் ஒவ்வொரு நிறத்துக்கும் காரணம் சொன்னாள். தொப்பிக்குடையையும் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை.

"சரி, உனக்கு வேலை நிரந்தரம்" என்றார் வெங்கிடராமன். "ஒரு கண்டிஷன். உன் ஆம்படையான் அந்த மேஜைப் பக்கமே வரப்படாது. சாயா கொடுக்கணும்னாலும் தூர நின்னு கொடுக்கட்டும்."

சாயங்காலம் சுக்கு வாசனைக்குள் இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள்.

"அவரு சொன்னதோட விட்டிருக்கலாம்ல?" என்றாள். "உங்க மானமும் போயிருக்காது."

"என் பொண்டாட்டிக்குத் திட்டு வாங்க நான் இல்லையா?"

"அவரு நல்லவருங்க."

"அதான் எனக்குப் பிடிக்கலை."

அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"என்ன சிரிப்பு? அடுத்த வாரம் நானே சிவப்பு காட்டுறேன் பாரு. வைப்பின் சர்ச் பெருநாளுக்கு எவ்வளவு கூட்டம் தெரியுமா?"

"காட்டுங்க. மஞ்சள்னா மஞ்சளேதான் போடுவேன்."

"போடு." அவன் அவள் பக்கம் திரும்பினான். "அவனை மட்டும் பேர் சொல்லிக் கூப்பிடேன்."

"சரி. நடங்க, சேட்டா."

சங்கிலிப்பாண்டி நின்றுவிட்டான். "என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லலை. மழை வருது, குடையை விரிங்க."

"இன்னொரு தடவை சொல்லுட்டி."

"முதல்ல குடையை விரிங்க."

குடைக் கம்பெனிக்காரர்கள் இருவர் கையிலும் குடை இல்லை.