ஈர மண்

ஆய்வுக்கூடத்தில் என் தம்பியை எல்லோரும் மண்புழு என்றுதான் கூப்பிடுவார்கள். மண்ணைக் கண்டால் அவனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். நானும் அங்கேதான் பொறியாளர் என்பதால், "புழுவோட அக்கா" என்ற பட்டம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

கடலோர வயல்களில் உப்புநீர் ஏறிக்கொண்டிருந்தது. அந்த மண்ணில் நுண்ணுயிர்கள் இன்னும் பிழைத்திருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் அவன் ஆராய்ச்சி. பிழைத்திருந்தால் வடிகால் வெட்டி அந்த வயல்களை மீட்கலாம். கடலை ஒட்டிய கடைசி வயலிலிருந்து அவன் மண் மாதிரிகளைக் கொண்டுவந்த அன்று ஆய்வுக்கூடத்துக் குளிர்பெட்டி பழுது. அம்மா வீட்டு ஃப்ரிட்ஜில் பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் பைகளை அடுக்கினான். மறுநாள் லாரி மோதிப் போய்விட்டான். அதே வாரம் அந்த வயலும் கடலுக்குள் போனது.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்துப் பைகளை எடுக்கப் போனேன். பால்கனி முழுக்கச் செய்தித்தாள் விரித்து, மண்ணைப் பரப்பியிருந்தாள் அம்மா. ஒவ்வொரு குவியலின் மேலும் அதனதன் சீட்டு.

"கட்டியெல்லாம் உடைச்சு சலிச்சுட்டேன். எப்பவும் அப்படித்தானே பண்ணுவான்?"

உண்மைதான். உப்பு அளக்க மண்ணைக் காயவைப்பான், அம்மாதான் கூட உட்கார்ந்து உடைத்துக் கொடுப்பாள். இந்த முறை ஈரம் போகக் கூடாது, காய்ந்தால் உயிர் போய்விடும் என்பதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. என் வாய் சும்மா இருக்கும் வாயில்லை. சுள்ளென்று வந்ததை அவள் நகக்கண்ணில் இருந்த மண்ணைப் பார்த்து விழுங்கினேன்.

"நல்லா காஞ்சிருக்காடி? அவன் வேலை நின்னுபோகாதுல்ல?"

"நல்லா காஞ்சிருக்கும்மா. நிக்காது."

அள்ளிக் கட்டிக்கொண்டு கிளம்பும்போது ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டினாள். ஒரே ஒரு பை இருந்தது, உள்ளே ஈரம் முத்து முத்தாக.

"இதை மட்டும் பிரிக்க மனசு வரல. அவன் போட்ட முடிச்சு. உனக்கு வேணுமா?"

கை தானாக நீண்டது. ஒற்றைப் பையை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது, எந்த ஆய்வாளரும் ஒப்புக்கொள்ள மாட்டார். ஆனாலும் அவன் கேட்ட கேள்வி அதற்குள்தான் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. பையைத் தொட்டேன். சில்லென்றிருந்தது.

"வேண்டாம்மா, உங்கிட்டயே இருக்கட்டும்," என்றேன். "ஃப்ரிட்ஜை மட்டும் அணைச்சிடாத."