ஒரே அளவுகோல்

கரைக்கு வந்த பிறகுதான் கஸ்தூரி வாயிலிருந்து பறியை எடுப்பாள். இரண்டு கையும் ஏரிச் சேற்றைத் தடவி இறால் பிடிப்பதால், பிடித்ததைப் போடும் அந்தப் பனையோலைப் பையைப் பல்லில்தான் கடித்துக்கொள்ள வேண்டும். அதுவரை உம்மு ஹானி எதைக் கேட்டாலும் தலையாட்டல்தான் பதில். புருஷன் கருப்பன் வாயில் பறி இல்லாவிட்டாலும் பேசமாட்டான், அது வேறு விஷயம்.

உம்மு ஹானி பழவேற்காட்டுப் பெண். சென்னையில் மீன்வள ஆய்வு அலுவலகம் ஒன்றில் வேலை. வாரம் ஒருநாள் ஏரிக் கிராமங்களில் யார் எவ்வளவு பிடித்தார்கள் என்று நிறுத்துக்கொண்டு போவாள். அலுவலகத்தில் கொடுத்த தராசு பசியாவரம் கிராமத்துப் படகுகளின் கூடைகளுக்கானது. கஸ்தூரியின் ஊரான சுண்ணாம்புக்குளத்தில் அவள் இறாலை அதில் தொங்கவிட்டபோது முள் அசையவே இல்லை. கஸ்தூரி முள்ளைப் பார்த்தாள், பிறகு இவளைப் பார்த்தாள். அடுத்த வாரம் உம்மு ஹானி மளிகைக்கடைச் சின்னத் தராசு ஒன்றைச் சொந்தச் செலவில் வாங்கிக்கொண்டு போனாள். அதில் முள் நன்றாக இறங்கியது. கஸ்தூரி சிரித்த முதல் நாள் அதுதான்.

எண்பத்தெட்டில் ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் மணலடித்து மூடிக்கொண்டது. கடல்தண்ணீர் உள்ளே வரவில்லை, இறாலும் வரவில்லை. பாடு, அதாவது அன்றாடம் பிடிபடுவது, குறைந்தவர்களுக்கு நிவாரண அரிசி தரலாம் என்று மேலே பேச்சு. யாருக்குக் குறைந்தது என்பதை ஒரு படமாகப் போட்டு அனுப்பும்படி அலுவலகத்துக்கு உத்தரவு வந்தது.

"அரிசி வருமா பாயம்மா? செங்கச் சூளை மேஸ்திரி ரெண்டு தபா வந்துட்டுப் போய்ட்டான். அங்க போனா புள்ளைங்களும் கல்லு சொமக்கணும். அரிசி வந்துச்சுன்னா எப்பிடியாவது இங்கியே கெடந்துடுவோம்" என்றாள் கஸ்தூரி.

"ஒங்க கணக்கும் படத்துல வரும் கஸ்தூரி."

அலுவலகத்துக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்திருந்தது. எண்களைக் கொடுத்தால், பக்கத்தில் இருக்கும் இயந்திரம் பேனாவைப் பிடித்துக் கலர் கலராகக் கோடு போடும். செங்குத்து அச்சு எதில் தொடங்கி எதில் முடிய வேண்டும் என்று முதலில் கேட்கும். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால், இருப்பதிலேயே பெரிய எண்ணுக்கு ஏற்ப அதுவே வைத்துக்கொள்ளும். உம்மு ஹானி ஒன்றும் சொல்லாமல் விட்டுப் பார்த்தாள். அச்சு ஆயிரம் கிலோவரை ஏறியது. படகுகளின் சிவப்பும் நீலமும் மலையிலிருந்து விழுவதுபோல் விழுந்தன. கையால் பிடிப்பவர்களுக்காக வைத்த கஸ்தூரி வீட்டுக் கணக்கின் பச்சைக் கோடு அடி அச்சின்மேல் படுத்துக் கிடந்தது. வருஷம் முழுக்க அப்படியே. பாடு இருந்த மாதம் எது, இல்லாத மாதம் எது என்று அவளுக்கே தெரியவில்லை.

ஒன்று, பத்து, நூறு என்று ஒவ்வொரு படியும் முந்தியதைப்போல் பத்து மடங்காகும் அளவை வைத்தாள். பச்சை மேலே தெரிந்தது. ஆனால் எல்லாக் கோடுகளின் சரிவும் மெலிந்துபோனது.

"இதுல யாருக்குமே நஷ்டம் இல்லாத மாதிரின்னா இருக்கு" என்றார் மேலதிகாரி சீனிவாசன்.

அது நியாயம்தான். பச்சையை மட்டும் தனித்தாளில், மூன்று கிலோவில் முடியும் அச்சில் போட்டுக் காட்டினாள். கோடு பாதித் தாள் அளவு கீழே இறங்கியது. கஸ்தூரியின் வருஷம் அதுதான்.

சீனிவாசன் கெட்டவர் இல்லை. தாளை வெகுநேரம் பார்த்தார். "பாக்கறவா ரெண்டு தாளையும் பக்கத்துல வச்சுப் பாப்பா. ரெண்டும் ஒரே அளவு விழுந்திருக்குன்னு நெனச்சுப்பா. இது ஒண்ணரைக் கிலோம்மா, அது எழுநூறு."

"அவங்களுக்கு அந்த ஒண்ணரைக் கிலோதான் சார் சோறு."

"எனக்குத் தெரியறது. ஆனா ஒரே அளவுகோல்தான் நேர்மை. யாராவது கேட்டா நான் என்னன்னு சொல்றது, ஏமாத்தினேன்னா?"

ஏமாற்று என்ற சொல் உம்மு ஹானிக்குச் சுட்டது. ஆயிரம் கிலோ அச்சுப் போட்ட படமே போனது.

அரிசி படகுக்காரர்களுக்கு வந்தது. அவர்களுக்கும் அது தேவைதான். உம்மு ஹானி அடுத்து சுண்ணாம்புக்குளம் போனபோது கஸ்தூரியின் குடிசை வாசலில் முள்ளை வெட்டிப்போட்டு அடைத்திருந்தார்கள். சூளைக்குப் போய்விட்டதாக ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மணி சொன்னாள்.

"புள்ளைங்க?"

"அதுங்களுந்தான். பின்ன எங்க வுட்டுட்டுப் போறது?"

சின்னத் தராசு பையிலேயே இருந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் உம்மு ஹானிக்கு அழுகை வந்தது. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள்.

அந்த மாதக் கணக்கையும் சேர்த்துப் படம் வேண்டும் என்று சீனிவாசன் கேட்டார். கஸ்தூரி இருந்த கட்டத்தில் உம்மு ஹானி பூஜ்யத்தை அடித்தாள். இயந்திரம் சிவப்புப் பேனாவை எடுத்தது, வைத்தது. நீலத்தை எடுத்தது, வைத்தது. பச்சையை எடுத்து அடி அச்சின்மேல் ஒரே இழுப்பாக இழுத்தது.

பழைய தாளையும் புதிய தாளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். புது மாதத்தில் சிவப்பு கொஞ்சம் ஏறியிருந்தது. நீலம் இன்னும் சரிந்திருந்தது. பச்சை மட்டும், கஸ்தூரி ஏரியில் இருந்த மாதங்களிலும் இல்லாத மாதத்திலும், அதே இடத்தில் ஓடியது. மை இன்னும் காயவில்லை.