இங்க கத்தல்

"முதுகு, முதுகு. செவுரு வருது, பாத்துக்க."

நெட்டை பின்னோக்கி இறங்கிக்கொண்டிருந்தான். பெட்டியின் கால்பக்கம் நெட்டையும் வாத்தியும் பிடித்திருந்தார்கள். தலைப்பக்கம் அவனும் மேல்வீட்டுக்காரரும். படிக்கட்டு திரும்பும் இடம் வந்ததும் கைகள் தாமாக வேலை செய்தன. ஒவ்வொரு கச்சேரிக்கும் ஸ்பீக்கர் பெட்டிகளை இந்தத் திருப்பத்தில் நிமிர்த்தித்தான் இறக்குவார்கள். படுக்கைவாட்டில் திரும்பாது.

"நிமித்து," என்றான் வாத்தி.

நிமிர்த்தினார்கள். உள்ளே ஏதோ சரிந்து கால்பக்கத்தில் போய் இடித்தது.

நால்வரும் அப்படியே நின்றார்கள்.

"படுக்கையா," என்றான் அவன். "படுக்கையாவே போகட்டும்."

"திரும்பாதுடா."

"கைப்பிடிக்கு மேல தூக்கு."

தூக்கினார்கள். வாத்தியின் விரல்கள் சுவருக்கும் மரத்துக்கும் நடுவில் நசுங்கின. அவன் சத்தம் போடவில்லை. கீழே வாசலருகே வழக்கமாக, குழுவில் பாடும் அவள் நிற்பாள். "என்னடா, பொணம் தூக்குற மாதிரி தூக்குறீங்க? சீக்கிரம் இறக்குங்கடா," என்பாள். நெட்டைக்கும் அது ஞாபகம் வந்திருக்க வேண்டும். உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான். வாசலில் இப்போது மாமனார் நின்றிருந்தார், இரண்டு கதவுகளையும் திறந்து பிடித்தபடி.

நால்வர் இருந்த ஹெவி மெட்டல் இசைக்குழு. அவன் டிரம்ஸ், நெட்டை பேஸ், பகலில் பள்ளியில் கணக்கு நடத்தும் வாத்தி கிதார். பாடியது டிரம்ஸ் அடிக்கும் அவனுடைய மனைவி. பாடியது என்று சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. "நான் பாடல, கத்துறேன்," என்பாள்.

முந்தாநாள் காலை குளியலறையில் தொண்டையைப் பழக்கிக்கொண்டிருந்தாள். உதடுகளை அதிரவிட்டுப் படிப்படியாகக் குரலை மேலே ஏற்றுவாள். தினமும் நடப்பதுதான். அவன் கூடத்தில் உட்கார்ந்து டிரம் குச்சிகளுக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தான். குரல் பாதி ஏற்றத்தில் நின்றது. தண்ணீர் குடிக்கிறாள் என்று நினைத்தான். பிறகு குழாய்ச் சத்தம் மட்டும் கேட்டது. கேட்டுக்கொண்டே இருந்தது.

அன்றிலிருந்து எந்தச் சத்தமும் அவனைப் பயமுறுத்தவில்லை. சத்தம் நிற்பதுதான் பயமுறுத்தியது. ஃப்ரிட்ஜின் மோட்டார் ஓய்ந்தால் தூக்கிவாரிப் போட்டது.

*

மின் தகனக் கூடத்தில் இரும்புக் கதவு இறங்கியது. சாயங்காலம் வந்து சாம்பலை வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தன. அவன் உட்கார்ந்தான். பக்கத்தில் மாமனார். பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். உட்கார்ந்தால் இன்றும் வலது கால் எதையோ மிதிக்கத் தயாராக முன்னால் நீண்டிருக்கும்.

சின்னவள் வந்து எதிரில் நின்றாள். மனைவியின் தங்கை. பல் மருத்துவமனையில் உதவியாளர். குழுவில் சேராவிட்டாலும் மேடையில் அக்காவுக்குப் பின்னால் நின்று இரண்டாம் குரல் கொடுப்பாள்.

"அத்தான், ஸ்டுடியோவுக்குப் போவோம்."

"எதுக்கு?"

"பாடத்தான். தாடிகிட்ட பேசிட்டேன். இடம் காலியா வச்சிருக்காரு."

"இன்னைக்கா?"

"இன்னைக்குத்தான்."

குழு முதன்முதலாக வெளியிடவிருந்த பாட்டைத்தான் சொன்னாள். சொந்தப் பாட்டு இல்லை. ரேடியோவில் எப்போதோ வந்த பழைய மெல்லிய பாட்டு. அக்கா, தங்கை இருவரின் அம்மா துணி காயப்போடும்போது முணுமுணுப்பாராம். அதை எடுத்து, வேகமாக்கி, நடுவில் ஒரு நீண்ட கத்தலை வைத்திருந்தாள் அவன் மனைவி. "அந்தப் பாட்டப் போயி இந்தப் பாடு படுத்தணுமா?" என்று மாமனார் கேட்டபோது, "அம்மா மெதுவாத்தான் பாடினா. யாரு காதுல விழுந்துச்சு?" என்றாள். வாத்தியங்கள் எல்லாம் பதிவாகிவிட்டன. குரல்தான் பாக்கி.

"பாப்பா, நாளைக்குக் காலையில உனக்கு ஸ்கேன்," என்றான் அவன்.

"தெரியும்."

"அத முடிச்சிட்டுப் பாடு. ஒரு நாள்ல என்ன குடிமுழுகிப் போயிடும்?"

முந்தாநாள் மருத்துவமனையில் பார்த்த மருத்துவர் இளைஞர். மூளையில் ஒரு ரத்தக்குழாய் பலூன்போல உப்பியிருந்து உடைந்துவிட்டது என்றார். குடும்பத்தில் வேறு யாருக்காவது என்று கேட்டார். இவங்க அம்மாவும் இப்படித்தான் திடீரென்று போனார் என்று மாமனார் சொன்னதும் மருத்துவர் பேனாவை மூடிவிட்டுச் சின்னவளைப் பார்த்தார். சில குடும்பங்களில் தொடர்ந்து வரும், இவங்களுக்கு உடனே ஸ்கேன் எடுத்துவிடுங்கள் என்றார். அதுவரைக்கும் எதற்கும் முக்கிச் சிரமப்பட வேண்டாம் என்றார்.

"ஸ்கேன்ல ஒண்ணும் இல்லன்னா நாளைக்குப் பாடலாம். சரி," என்றாள் சின்னவள். "இருந்தா?"

அவன் கூடத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"இருந்தா அதுக்கப்புறம் நீங்க என்னை இருமக்கூட விடமாட்டீங்க. அதான் இன்னைக்கு."

"லூசா நீ? வேற யாராவது பாடட்டும். நெட்டை பாடட்டும்."

"அண்ணன் பாடினா நாய்தான் வரும்."

தள்ளி நின்ற நெட்டை தலையை ஆட்டி அதை ஒப்புக்கொண்டான்.

"மாமா, நீங்களாவது சொல்லுங்க," என்றான் அவன்.

மாமனார் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் புகை எதுவும் தெரியவில்லை.

"மாப்பிள்ளை, கத்தினதாலதான் அவ போயிட்டான்னு நினைக்கிறீங்களா?"

"தெரியல மாமா."

"இவ அம்மா வாழ்நாள்ல ஒரு வார்த்தை சத்தமாப் பேசினதில்ல. துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தா. கையில கிளிப்பு இருந்துச்சு. அவ்வளவுதான்."

ஆறுதலாகத்தான் சொன்னார். அவனுக்கு அது ஆறுதலாக இல்லை. கத்துவதால் இல்லை என்றால் தவிர்ப்பதற்கு எதுவும் இல்லை. அப்படியானால் துணி காயப்போடக் கூடாது. குனியக் கூடாது, சிரிக்கக் கூடாது, தூங்கக் கூடாது. எதிரில் நின்றவளைப் பார்த்தான். அக்காவுக்கு இருந்த அதே நெற்றி. அந்த நெற்றிக்குப் பின்னால் எங்கோ.

"வண்டியை எடு," என்றான் வாத்தியிடம்.

*

ஸ்டுடியோ ஒரு மரச்சாமான் கடைக்குக் கீழே நிலவறையில் இருந்தது. சுவர்களில் பழைய கம்பளங்களை அறைந்திருந்தார்கள். ஸ்டுடியோவை நடத்தும் தாடி வாசலிலேயே காத்திருந்தார். எல்லாருக்கும் டீ கொடுத்தார். குடித்து முடிப்பதற்குள் இன்னொரு முறை கொடுத்தார்.

"அக்கா பாடின ட்ராக் இருக்கு," என்றார் கணினியைப் பார்த்தபடி. "போடவா, வேணாமா?"

ட்ராக் என்பது வழித்துணைக்காகப் பாடிவைப்பது. மற்றவர்கள் அதைக் கேட்டு வாசிப்பார்கள். பாடகி பிற்பாடு உண்மையாகப் பாடியதும் அதை அழித்துவிடுவார்கள். அவள் ட்ராக்கில் தொண்டையைச் செலவழிக்க மாட்டாள். சொற்களை மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டு போவாள். கத்த வேண்டிய இடம் வந்ததும், "இங்க கத்தல்," என்று பேச்சுக்குரலில் சொல்லிவிட்டு, சமையல் கரண்டியால் அளப்பதுபோல ஒன்று, இரண்டு என்று எட்டு வரை எண்ணுவாள். போன வாரம் அதைக் காதில் மாட்டிக்கொண்டுதான் அவன் டிரம்ஸ் வாசித்தான். அப்போது அது ஒரு குரலாகவே தோன்றவில்லை. வேலைக்கான சாமானாக இருந்தது.

"எனக்குப் போடுங்க. ஹெட்போன்ல மட்டும்," என்ற சின்னவள் அவனைப் பார்த்தாள். "வெளில ஸ்பீக்கர்ல வேணாம்."

இரட்டைக் கதவைத் தாண்டி உள்ளே போனாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். அக்காவுக்கு ஏற்ற உயரத்தில் இருந்த மைக்கைக் கொஞ்சம் கீழே இறக்கினாள்.

பாட்டு ஓடியது. ஸ்பீக்கரில் அவனுடைய டிரம்ஸ், நெட்டையின் பேஸ், வாத்தியின் கிதார், அவற்றின் மேல் சின்னவளின் குரல். அக்காவின் குரலைவிட ஒல்லி. ஆனால் வந்தது. அவன் பாட்டைக் கேட்கவில்லை. அவள் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு வரிக்கும் இடது பக்கத்தில் ஒரு நரம்பு எழுந்து அடங்கியது.

கத்தல் வரும் இடம். அவள் கண்கள் விரிந்தன. வாய் திறந்தது. எதுவும் வரவில்லை.

தாடி நிறுத்தினார். அறையில் இரைச்சல்கூட இல்லை. அவன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்திருந்தான்.

"சாரி," என்றது ஸ்பீக்கரில் சின்னவளின் குரல். "அவ எண்ணுறது கேட்டுச்சா, அதையே கேட்டுக்கிட்டு இருந்துட்டேன்."

பட்டனை அழுத்தி உள்ளே பேசினான். "போதும் பாப்பா. வெளிய வா."

"அத்தான், எனக்கும் பயமாத்தான் இருக்கு. நீங்க வேற பயமுறுத்தாதீங்க." மூக்கைத் துடைத்தாள். "முதல்லருந்து போடுங்கண்ணா."

தாடி போட்டார். மறுபடி வரிகள். மறுபடி அந்த நரம்பு. அவன் கை தன்னால் போய் தாடியின் கைமேல் உட்கார்ந்தது.

"நிறுத்திடுங்க."

"நான் நிறுத்தினா பாட்டுத்தான் நிக்கும்," என்றார் தாடி. "அவ நிறுத்த மாட்டா."

அவள் கத்தினாள்.

அது அக்காவின் கத்தல் இல்லை. அக்காவுடையது வயிற்றிலிருந்து வரும். எங்கே தொடங்கும், எங்கே முடியும் என்று அவளுக்குத் தெரியும். இது எங்கிருந்து வருகிறதென்றே தெரியவில்லை. கண்ணாடி அதிர்ந்தது. நெட்டை சுவரில் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டான். அவனோ மனதுக்குள் எண்ணினான். எட்டு வந்தது. கத்தல் எட்டைத் தாண்டிப் போனது. அவள் முகம் சிவந்து, கழுத்து முழுக்க நரம்பாக, போய்க்கொண்டே இருந்தது. நிறுத்து என்று நினைத்தான். உடனே, நிறுத்தாதே என்று நினைத்தான்.

நின்றது.

வாத்தியங்களும் அந்த இடத்தில் ஒரு கணம் நிற்க வேண்டும். அப்படித்தான் அவன் மனைவி அமைத்திருந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் மைக் மட்டும் இருந்தது. யாரும் இல்லை.

முதல் கதவு. அது மூடினால்தான் இரண்டாவது திறக்கும். கைப்பிடி அவன் கைக்குச் சிக்கவில்லை. பின்னால் வாத்தி என்னவோ சொன்னான். இரண்டாவது கதவைத் தோளால் தள்ளினான்.

சின்னவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். முதுகு கம்பளச் சுவரில், முழங்கால்கள் மார்பில். அவனைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்தாள். ஹெட்போனின் ஒரு பக்கத்தைக் காதிலிருந்து விலக்கி நீட்டினாள்.

அவன் மண்டியிட்டுக் காதை வைத்தான்.

கடைசி வரிகள் ஓடிக்கொண்டிருந்தன. மனைவி சொற்களை விட்டுவிட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அலட்சியமாக, வேறு எதையோ யோசித்தபடி. முணுமுணுப்பு முடிந்தது. நாற்காலி நகரும் ஓசை. "அவ்வளவுதான்," என்றாள். "தாடி, இத அழிச்சிடுங்க. கேக்கவே சகிக்கல."

பிறகு ஒன்றும் இல்லை. இருவரும் காதை எடுக்கவில்லை.

"தலை வலிக்குதா?" என்றான் கடைசியில்.

"இல்ல."

"நிஜமா சொல்லு."

"ஹெட்போன் இறுக்குது. மூச்சு வாங்குது. அவ்வளவுதான்."

"ரெண்டு கையையும் தூக்கு."

தூக்கினாள்.

"சிரி."

"அத்தான்..."

"சிரி பாப்பா."

பல் மருத்துவமனையில் நோயாளிகளுக்குக் காட்டுவதுபோல எல்லாப் பற்களும் தெரியச் சிரித்தாள். வாய் எந்தப் பக்கமும் கோணவில்லை, இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருந்தது. அவன் மறுபடி ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

மேலே ஸ்பீக்கர் கரகரத்தது. "டேக் நல்லா வந்திருக்கு," என்றார் தாடி. "அப்ப ட்ராக்கத் தூக்கிட..."

முடிக்கவில்லை. அவன் எழுந்து கண்ணாடி வழியாகப் பார்த்தபோது, தாடி இரண்டு கைகளையும் கீபோர்டிலிருந்து உயரத் தூக்கி வைத்திருந்தார், அடுப்பைத் தொட்டுவிட்டவர்போல.

*

ஸ்கேன் எடுக்கும் இடத்தில் உலோகம் எதுவும் ஆகாது என்றார்கள். சின்னவள் தோடு, வளையல், கைக்கடிகாரம், மூக்குத்தி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றி அவன் உள்ளங்கையில் வைத்தாள். மூக்குத்திக்கு மட்டும் நேரம் பிடித்தது.

"தொலைச்சிடாதீங்க. இது அவளோடது."

கதவு மூடியது. கதவைத் தாண்டி இயந்திரத்தின் சத்தம் ஆரம்பித்தது. தட்டல். சீரான, வேகமான, கனத்த தட்டல். அவன் கால் தானாக அதனுடன் சேர்ந்துகொண்டது. முழங்கால்மேல் கையை வைத்து அழுத்தினான். கால் அடங்கியது. விரல்கள் தொடங்கின.

மாமனார் பக்கத்து நாற்காலியில், வலது காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். இருவரும் இரவு தூங்கவில்லை.

நர்ஸ் ஒருத்தி அந்தப் பக்கமாகப் போனாள். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"நடுவுல நடுவுல சத்தம் நிக்கும் சார். மறுபடி வரும். ஒண்ணும் பயப்படாதீங்க."

"சரி," என்றான்.

தட்டல் நின்றது. அவன் எழுந்து நின்றான்.

மறுபடி தொடங்கியது, வேறொரு தாளத்தில். உட்கார்ந்தான். கைக்குள் மூக்குத்தி குத்தியது. கையைத் திறக்கவில்லை.

நின்றது. எழுந்தான். தொடங்கியது. உட்கார்ந்தான். எதிர்ச்சுவரில் கைகளை எப்படிக் கழுவ வேண்டும் என்று படம் போட்டிருந்தது.

மறுபடி நின்றது. இந்த முறை மாமனாரும் எழுந்து நின்றார்.