வலது கதவின் ஒயர்

அவனுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. காலையிலிருந்து இரண்டு வண்டி. இரண்டிலும் டேஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகப் படுத்து, வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு ஒயர் தேடியிருந்தான். நாற்பத்தோரு வயதிலேயே எழுந்து நிற்க ஒரு பிடிமானம் தேவைப்பட்டது. ஞாயிறு மதியம், தன் கார் ஆடியோ கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, தரையில் அட்டையை விரித்துச் சாயப்போன நேரத்தில் அக்காவின் கார் வந்து நின்றது.

"படுத்துட்டியா? எந்திரிடா. உங்க மாமாவுக்கு இன்னும் சத்தமா ஏதாவது மாட்டிவிடு. இந்த மனுஷனுக்குக் கத்திக் கத்தி என் தொண்டைத் தண்ணி வத்திப்போச்சு."

மறுபக்கக் கதவைத் திறந்து மாமா இறங்கினார்.

"ஏன்க்கா, டமாரத்துக்கு இன்னுமா கேக்கல?"

"அது மட்டும் நல்லா கேக்குது மாப்ள," என்றார் மாமா.

அந்தப் பட்டப்பெயரை வைத்தவனே அவன்தான். வீட்டில் சின்னப் பிள்ளைகள்வரை அது பரவியிருந்தது.

எட்டு மாதத்துக்கு முன்னால், அக்காவும் மாமாவும் பழைய கார் ஒன்றை வாங்கினார்கள். தம்பி ஆடியோ கடை வைத்திருக்கும்போது அக்கா வண்டியில் கம்பெனி ஸ்பீக்கர் இருந்தால் பார்க்கிறவன் சிரிப்பான். மாமாதான் வேண்டாமென்றார். "செய்தி வாசிக்கிறது புரியுது, மேட்ச் புரியுது. அது போதாதா மாப்ள?" இவன் விடவில்லை. "மாமா, வண்டி விக்கணுமேன்னு கம்பெனிக்காரன் பேருக்கு ரெண்டு தகர டப்பாவை வச்சிருப்பான். நான் மாட்டினதைக் கேட்டுட்டு அப்புறம் பேசுங்க." முன் கதவு இரண்டிலும் புது ஸ்பீக்கர், டிக்கியில் ஒரு பேஸ் பெட்டி. எல்லாம் அவன் அன்பளிப்பு. பாட்டை வைத்தபோது பின் கண்ணாடி அதிர்ந்தது. அக்கா கைதட்டினாள்.

மாமாவுக்கு அதன் பிறகுதான் காது போனது.

அப்படித்தான் எல்லாரும் நினைத்தார்கள். வண்டியில் மேட்ச் வர்ணனை ஓடும், "யாரு அவுட்டு?" என்று கேட்பார். செய்தி ஓடும், "என்ன சொன்னான்?" என்பார். பாட்டுக்குத் தலையாட்டுகிற மனுஷனுக்குப் பேச்சு மட்டும் பிடிபடவில்லை. ஒரு தடவை சந்தேகம் வந்துவிட்டால் சாப்பாட்டு நேரத்தில் கேட்கிற "என்ன?"கூடக் கணக்கில் சேர்ந்துவிடும். மாமா கண்டெய்னர் யார்டில் பதினேழு வருஷம் கிரேன் ஓட்டியவர். கீழே நிற்கிறவன் வாக்கிடாக்கியில் "நிறுத்து" என்றால் நிறுத்த வேண்டும். கேட்காமல் போனால் அடியில் நிற்பவன் கூழ். டாக்டரிடமும் போகவில்லை, காகிதத்தில் ஏறிவிட்டால் யார்டை விட்டே அனுப்பிவிடுவார்கள் என்று பயம். தானாகவே மேனேஜரிடம் போய், கிரேன் வேண்டாம், வாசல் கேட்டில் போடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். மூன்று மாதமாகக் கேட்டில் உட்கார்ந்து லாரி நம்பர் எழுதுகிறார். கிரேனில் வேறு ஆள்.

"சத்தத்தைக் கூட்ட ஆம்ப் ஒண்ணு வைக்கலாம்," என்று முனகியபடி அவன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ரேடியோவைப் போட்டான். செய்தி ஓடியது. பேஸ் பெட்டியை அணைத்தான். மனசுக்கு ஏதோ சரியாகப் படவில்லை. ஒருத்தி செய்தி வாசிக்கிறாள், ஆனால் எங்கிருந்து வாசிக்கிறாள் என்று தெரியவில்லை. குரல் கலைந்து, கண்ணாடிகளுக்கு வெளியே எங்கோ இருந்தது. சத்தத்தை இடது பக்கம் மட்டும் தள்ளினான். தெளிவு. வலது மட்டும். தெளிவு. இரண்டையும் சேர்த்தான். குரல் மறுபடி உடைந்து கரைந்தது.

இது அவனுக்குத் தெரியாத நோய் இல்லை.

இரண்டு கதவின் உள்பலகையையும் கழற்றினான். மேசையிலிருந்து சின்னச் சதுர பேட்டரியை எடுத்தான். ஒயரில் பேட்டரியைத் தொட்டால் ஸ்பீக்கரின் கூம்பு வெளியே துள்ள வேண்டும். எந்த வண்டியிலும் பலகையை மூடுமுன் செய்கிற சோதனை. அன்றைக்குச் சொந்தக்காரன் வண்டிதானே என்று செய்யாமல் விட்டிருந்தான். இடது கதவு: கூம்பு வெளியே துள்ளியது. வலது கதவு: உள்ளே போனது.

கம்பெனி பிளக்கை வெட்டியெறிந்து நிறத்தை நம்பி முறுக்கியிருக்கிறான். இந்த வண்டியில் இடது கதவில் பிளஸ் ஒயருக்கு இருக்கிற நிறம், வலது கதவில் மைனஸ் ஒயருக்கு. புதுசாக வேலைக்கு வந்தவன் செய்கிற தப்பு. டிக்கியில் பேஸ் இடித்த இடியில் அது வெளியே தெரியவில்லை.

ஒயரை மாற்றி முறுக்கிவிட்டு "லூஸ் கனெக்‌ஷன்" என்று சொன்னால் முடிந்தது. அக்கா போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். இன்னொன்றும் ஞாபகம் வந்தது: யார்டின் பதினாலு வேனுக்கு ஆடியோ மாட்டுகிற வேலை இந்த மாதம் இவன் கடைக்கு வருகிறது. மாமா சொல்லித்தான் மேனேஜர் கொடுத்தார். இது தெரிந்தால் அதுவும் கைவிட்டுப் போகலாம்.

"அது தள்ளுது, இது இழுக்குது," என்றது பின்னாலிருந்து மாமாவின் குரல். "ஏன் மாப்ள?"

கிரேன்காரனிடம் தள்ளுவதையும் இழுப்பதையும் மறைக்க முடியாது.

"ஒயரை மாத்திக் குடுத்துட்டேன் மாமா. ஒரே மூட்டையை ரெண்டு பேரு ஆளுக்கொரு பக்கம் இழுக்குற மாதிரி. பேச்சு நடுவுல செத்துப்போகும். யாருக்குமே சரியா கேக்காது."

"உனக்கும்?"

"எனக்கும்."

அக்கா போனை இறக்கினாள். "அட பாவி. நான் இந்த மனுஷனை எத்தனை பேச்சுடா பேசினேன்!"

அவன் ஒயரைச் சரிசெய்ததும் மாமா உள்ளே போய் உட்கார்ந்தார். வாசிப்பவள் டேஷ்போர்டின் மேல் வந்து உட்கார்ந்த மாதிரி குரல் நேராக நின்றது. சந்தை விலை, மழை நிலவரம்வரை ஒரு சொல் விடாமல் கேட்டார். அப்புறம் ரேடியோவை அணைத்தார்.

"அந்தத் தகர டப்பா ரெண்டும் இருக்கா?"

"காயலான்காரன்கிட்ட போட்டுட்டேன் மாமா. இதுவும் இனிமே நல்லாதான் கேக்கும்."

"கேக்கட்டும். எனக்கு அதைத் தேடிக் குடு. நாளைக்குக் காலையில யார்டுக்கு வந்து, இப்ப சொன்னதை மேனேஜர்கிட்ட அப்படியே சொல்லு. நான் சொன்னா, கிரேன் சீட்டு ஆசையில பேசுறான்னுவான்."

"வரேன் மாமா."

பழைய கம்பெனி ஸ்பீக்கர்கள் செவ்வாய்க்கிழமை காயலான் கடையில் கிடைத்தன. மெல்லிய காகிதக் கூம்பு, பின்னால் பாக்கு அளவு காந்தம். கையில் தூக்கினால் கனமே இல்லை. மாட்டிவிட்டுச் செய்தியை வைத்தான். பாட்டுக்கு ஒப்பேறாது, அதில் அவனுக்குச் சந்தேகமில்லை. ஆனால் எவனோ ஒருவன் இந்தக் கதவுக்கு, இந்தக் கண்ணாடிக்கு, இந்த சீட்டில் உட்காருகிறவனின் காதுக்கு என்று பார்த்துப் பார்த்துத்தான் செய்திருக்கிறான். பேச்சு சுத்தமாக விழுந்தது. அவன் மாட்டியதும் மட்டமான சாமான் இல்லை. இருபது வருஷமாக வருகிறவனிடமெல்லாம் தகர டப்பா என்று சொல்லியிருக்கிறான். அதில் எத்தனை பேருக்கு இதுவே போதுமாக இருந்ததோ.

புதன்கிழமை யார்டின் முதல் வேன் கடைக்கு வந்தது. மூடுமுன் பேட்டரி வைத்துப் பார்த்தான். இரண்டு தடவை.

யார்டுக்கு வருவதாகச் சொன்ன திங்கட்கிழமை, போகாமலே கழிந்துவிட்டது. இன்று வியாழன். மாமா இன்னும் கேட்டில்தான் லாரி நம்பர் எழுதிக்கொண்டிருக்கிறார். ஒருமுறைகூடப் போன் செய்து கேட்கவில்லை. ஸ்பீக்கரைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. மேனேஜர் முன்னால் போய் நின்று, "அவர் காதுல ஒண்ணும் இல்ல சார், தப்பு என்னோடது" என்று சொல்ல வேண்டியது பாக்கி.