தபித்தாளிடம் மட்டும் சொன்னது

என் குடலில் இருந்த கட்டியை எடுத்தபோது வயிற்றின் இடப்பக்கம் ஒரு துளை வைத்து, மலம் சேர அதன்மேல் ஒரு பையை ஒட்டிவிட்டார்கள். கீழ் கோத்தகிரி தேயிலை எஸ்டேட்டின் லைன் வீடுகளில் இது தபித்தாளுக்கு மட்டும்தான் தெரியும். பக்கத்து நிரையில் கொழுந்து எடுப்பவள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் பை மாற்றக் கற்றுக்கொடுத்தபோது என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“இடுப்புக் கயிறு துளைமேல அழுத்தக் கூடாது, கனம் தூக்கக் கூடாது” என்று நர்ஸ் சொன்னதை என்னைவிட அவள்தான் மறக்கவில்லை. வேலைக்குத் திரும்பியதும் கொழுந்துச் சாக்கின் கயிற்றை மார்புக்குக் கீழே ஏற்றிக் கட்டிவிட்டாள். என் கொழுந்தையும் அவளே எடைக்குச் சுமந்தாள்.

திங்கட்கிழமை மேஸ்திரி ராஜசேகர் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

“சசிரேகா, இனி நீங்க நர்சரிக்குப் போங்க. உக்காந்து நாத்துப் பையில மண்ணு ரொப்பற வேலை.”

“ஏனுங்க, நான் கேக்கவே இல்லீங்களே?”

“வயித்துல பையோட கொழுந்து எடுத்தா மத்தவங்க முகஞ்சுளிக்கறாங்க. தபித்தாளம்மா உங்க நல்லதுக்குத்தான் சொன்னாங்க.”

பெண்கள் செடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். “அதான் இவ்வளவு சென்ட்டா?” என்றது ஒரு குரல். சிலர் சிரித்தார்கள். என் நிரையில் தபித்தாளின் மருமகள் புதுக் கயிற்றோடு நின்றிருந்தாள்.

“உனக்காகத்தான் சசி…” என்றாள் தபித்தாள்.

“எனக்கா? உன் மருமகளுக்கா?”

அவள் மருமகளின் கயிற்றைச் சரிசெய்யத் திரும்பினாள்.

மேஸ்திரியிடம் திரும்பினேன். “டாக்டர் வேலைக்குப் போகச் சொல்லிட்டாருங்க. நாத்தம் வந்தா சொல்லுங்க, நானே போயிர்றேன்.”

அவர் தலையைச் சொறிந்தார். “சரி, அந்தக் கடைசி நிரைக்குப் போங்க.”

அது யாரும் விரும்பாத செங்குத்தான நிரை. போனேன். கொஞ்சங் கொஞ்சமாகக் கிள்ளி, சாக்கு கனக்கும் முன்பே நிரை ஓரத்தில் கொட்டிக்கொண்டேன். வெயில் ஏறியபோது பை நிறையத் தொடங்கியது. முழுக்க நிறைய விடக் கூடாது. தண்ணீர் பாட்டிலோடு சவுக்கு மரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். இதுவரை என் முதுகுப்பக்கம் காவல் நிற்பது தபித்தாளின் வழக்கம். சிறு குழி தோண்டி, பையின் அடியில் இருந்த கிளிப்பைக் கழற்றிக் காலிசெய்தேன். பையின் வாயைக் கழுவித் துடைத்து, திரும்பப் பூட்டினேன். ஒரு சொட்டும் சிந்தவில்லை.

செடிகளுக்கு அப்பால் அவள் குரல். “சசி, துணைக்கு வரட்டுமா?”

ஆஸ்பத்திரியில் கேட்ட அதே குரல். யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்று மிக மெல்லப் பேசினாள்.

நானே குழியை மூடிவிட்டு, கை கழுவத் தொடங்கினேன்.